விரலை வைத்தால் சர்க்கரையைச் சொல்லுமா செல்போன்?

கேள்வி: கணவருக்கு வயது 54. ஏழு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். பொங்கலுக்கு ஊருக்கு வந்த மகன், அவருடைய போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். கேமராவின் மேல் விரலை வைத்தால் சர்க்கரை அளவைச் சொல்கிறது. தினமும் 105, 110 என்றே காட்டுகிறது. அதை நம்பி மூன்று மாதமாக ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. மாத்திரையையும் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அறுவடை முடிந்த வயலில் நடந்தபோது நெல் தாள் குத்தி, பத்து நாளாகப் பாதத்தில் புண் ஆறவில்லை. வலி இல்லை, சரியாகிவிடும் என்கிறார். இந்தச் செயலியை நம்பலாமா? நல்ல செயலி எது?
- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: இந்தக் கடிதத்தில் செயலியைவிட அவசரமான விஷயம் கடைசியில் இருக்கிறது. பத்து நாளாக ஆறாத புண், அதில் வலியும் இல்லை. இதழ் அச்சாகிக் கைக்கு வரும்வரை காத்திருக்கும் விஷயம் அல்ல இது. எனவே, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்படி அந்த வாசகிக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது. மறுநாள் காலை வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 268 மி.கி. வந்தது. அதே காலையில் செல்போன் செயலி காட்டிய எண் 108. புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டு, தடுப்பூசி போட்டு, மாத்திரையைப் பழைய அளவுக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். இனி வாரம் இரண்டு முறை கட்டு மாற்றப் போகவேண்டும்.

வலி இல்லாததை நல்ல அறிகுறி என்று அவர் நினைத்துவிட்டார். சர்க்கரை பல வருடம் கூடியே இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். தாள் குத்தினாலும், முள் ஏறினாலும், வரப்புச் சூட்டில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாமல் உள்ளே பரவும். விரலை, சில சமயம் காலையே எடுக்கவேண்டிய நிலை வருவது இப்படித்தான். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வலி இல்லாத புண், வலிக்கும் புண்ணைவிட ஆபத்தானது.

கேமரா எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

செல்போன் கேமராவின் மேல் விரலை வைத்து விளக்கை எரியவிட்டால், ரத்தம் துடித்துத் துடித்து ஓடுவதால் தோலில் ஒளி கூடிக் குறைவதை அது கவனிக்கும். அதிலிருந்து நாடித் துடிப்பை ஓரளவு கணக்கிடலாம். அந்த வரைக்கும் உண்மை. ஆனால் ரத்தத்தில் கரைந்திருக்கும் சர்க்கரையை அந்த ஒளியிலிருந்து எடுக்க முடியாது. அப்படிச் சொல்லும் செயலிகள் பெரும்பாலும் ஏதோ ஒரு எண்ணைத் திரையில் போடுகின்றன. சிலவற்றில் 'பொழுதுபோக்குக்கு மட்டும்' என்று கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில் போட்டிருக்கும்.

விவசாயிகளுக்கு இது புரியாத விஷயம் இல்லை. இலையைப் படம் எடுத்தால் புள்ளி நோயா, பூச்சிக் கடியா என்று சொல்லும் செயலிகள் இருக்கின்றன. இலையில் அடையாளம் இருப்பதால் அது சாத்தியம். வயலைப் படம் எடுத்து, மண்ணில் சாம்பல் சத்து எத்தனை கிலோ என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதற்கு மண்ணை எடுத்து ஆய்வகத்துக்குத்தான் அனுப்பவேண்டும். ரத்தச் சர்க்கரையும் அப்படித்தான். வெளியே அடையாளம் கிடையாது.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, அவற்றை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்பதே அதன் சாரம். தனிக் கருவிக்கே இந்த நிலை என்றால், போனில் இருக்கும் சாதாரண கேமராவைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கையின் மேற்புறத்தில் வில்லை போல ஒட்டிக்கொண்டு, செல்போனில் சர்க்கரை அளவைப் பார்க்கும் கருவி உண்மையானது. அந்த வில்லையிலிருந்து மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போகிறது. அது அளக்கிறது, போன் காட்ட மட்டும் செய்கிறது. இரண்டு வாரத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். இன்சுலின் போடுகிறவர்களில் சிலருக்கு மருத்துவர் அதைப் பரிந்துரைப்பார். மாத்திரையில் இருக்கும் எல்லோருக்கும் அது தேவைப்படாது.

அப்படியானால் செயலியே வேண்டாமா?

அப்படி இல்லை. போனில் சர்க்கரையை அளக்க முடியாது, ஆனால் சர்க்கரை நோயைப் பற்றிக் கற்றுக்கொள்ள முடியும். இரண்டாவது வேலையில் நல்ல செயலிகள் உதவுகின்றன என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 1,360 பேரைக் கொண்டு நடந்த 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2016-இல் அமெரிக்காவின் நீரிழிவு மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. பெரியவர்களுக்குப் பரவலாக வரும் இரண்டாம் வகை நீரிழிவில், செயலியைப் பயன்படுத்தியவர்களுக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஏறக்குறைய அரை சதவீதப் புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. 8.5 இருந்த இடத்தில் 8 என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய மாயம் இல்லை, ஆனால் மாத்திரையோடு சேர்ந்து கிடைக்கும்போது நல்ல லாபம். அதே கட்டுரை சொன்ன இன்னொரு விஷயம் முக்கியமானது. செயலியில் பதிந்ததை ஒரு மருத்துவரோ செவிலியரோ பார்த்துப் பதில் சொன்னபோது பலன் கூடியது. தனியாகப் போனும் கையுமாக இருப்பவரைவிட, போனில் இருப்பதை மருத்துவரிடம் காட்டுகிறவருக்கே நன்மை அதிகம்.

நல்ல செயலியின் வேலைகள் நான்கு. முதலாவது, நோயைப் பற்றி எளிதாகச் சொல்லிக்கொடுப்பது. இரண்டாவது, பரிசோதனை முடிவு, மாத்திரை, எடை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை நாம் பதிந்தால் வரிசையாகக் காட்டுவது. மூன்றாவது, மாத்திரை நேரத்தையும் பரிசோதனை நாளையும் ஞாபகப்படுத்துவது. நான்காவது, சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று சொல்வது. உழவன் செயலியில் மானியத்தையும் சந்தை விலையையும் பார்த்துப் பழகிய வீட்டுக்கு இதெல்லாம் கடினமே இல்லை.

எண்ணைப் படிக்கத் தெரியவேண்டும்

எந்தச் செயலியாக இருந்தாலும், அது காட்டும் எண்ணுக்குப் பொருள் தெரியாவிட்டால் பயன் இல்லை. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 126 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய், மறுபடி ஒருமுறை பார்த்து உறுதிசெய்வார்கள். இடையில் இருப்பது வாசற்படி. எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை வாசற்படி. ஏற்கெனவே நோய் உள்ளவர்களில் பலருக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, எச்பிஏ1சி 7-க்குக் கீழ் என்று இலக்கு வைப்பார்கள். வயதானவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், இன்சுலின் போடுகிறவர் ஆகியோருக்கு இலக்கு மாறும். அதை மருத்துவரிடம் கேட்டுப் போனில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வெறும் வயிற்றில் எடுப்பது அன்றைய காலை நிலவரம் மட்டும்தான். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் வாயைக் கட்டினால் அந்த எண் இறங்கிவிடும். எச்பிஏ1சி-யை அப்படி ஏமாற்ற முடியாது. ஆற்றில் இன்று எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஒன்று, அணையில் எவ்வளவு இருப்பு என்பது வேறு.

வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகுதான் குத்தவேண்டும். வாழைப்பழம் உரித்த கையும், கரும்பு ஒடித்த கையும், வெல்லம் தொட்ட கையும் எண்ணைத் தாறுமாறாக ஏற்றிக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவை மூடியே வைக்கவேண்டும். வெயில் படும் மோட்டார் கொட்டகையில் வைக்கக் கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பார்க்கவேண்டும்.

செயலியின் சாப்பாட்டுக் கணக்கு

பல செயலிகள் வெளிநாட்டுச் சாப்பாட்டை மனதில் வைத்துச் செய்தவை. ரொட்டி எத்தனை துண்டு, ஓட்ஸ் எத்தனை கப் என்று கேட்கும். பழைய சோறும் களியும் அதற்குத் தெரியாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட 'நியூட்ரிஃபை இந்தியா நவ்' என்ற செயலி, இந்திய உணவுகளை வைத்தே கணக்குச் சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் உள்ள நிறுவனம் அது.

சிறுதானியம் பயிர் செய்கிற வீடுகளில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கேழ்வரகு, சாமை, கம்பு சாப்பிட்டால் சர்க்கரையே ஏறாது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைக்கிறார்கள். அதே நிறுவனத்தின் உணவு அட்டவணையைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 100 கிராம் பச்சை அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகில் சுமார் 67, சாமையில் சுமார் 65, கம்பில் சுமார் 62 கிராம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் அல்ல. உண்மையான வித்தியாசம் நார்ச்சத்தில்தான். அரிசியில் சுமார் 3 கிராம், கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம். நார்ச்சத்து சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் மாவாக நைய அரைத்துக் கூழாகக் கரைத்துக் குடித்தால் அந்த நன்மையில் ஒரு பங்கு போய்விடும். அளவோடு, கீரையும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடுவதே சரி. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறுகிறவர்களும் கவனிக்கவேண்டும். மூன்றும் ரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும்.

வயலில் சர்க்கரை இறங்கினால்

செயலியில் முதலில் படிக்கவேண்டிய பாடம் எது என்றால், உழைக்கும் குடும்பத்துக்கு இதுதான். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, நாற்றங்காலிலோ கரும்புத் தோட்டத்திலோ இறங்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அரிது. எந்த மாத்திரை என்று தெரியாவிட்டால், அட்டையைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொண்டால் போதும். அவசரத்தில் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுவது, தேவையில்லாத கோபம், பேச்சுக் குழறல் ஆகியவை அடையாளங்கள். அளவு 70-க்குக் கீழே போய்விட்டது என்று பொருள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடிக்கவேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி ஒருமுறை. பிறகு சாப்பிட்டே ஆகவேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்கவேண்டும்.

மருந்து தெளிக்கிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பூச்சிக்கொல்லி விஷம் ஏறினாலும் வியர்க்கும், நடுங்கும். ஆனால் பாஸ்பரஸ் வகை மருந்தாக இருந்தால் வாயில் எச்சில் வழியும், கண்ணில் நீர் வடியும், கண்மணி சுருங்கும். தெளிக்கும் நாளில் சர்க்கரை நோயாளிக்கு வியர்த்து மயக்கம் வந்தால் இரண்டில் எது என்று வரப்பில் நின்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. தெளித்த உடையைக் கழற்றி, உடம்பைக் கழுவி, நினைவு இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் வெறும் வயிற்றில் ஸ்பிரேயர் தூக்காமல் இருப்பது எல்லாவற்றிலும் நல்லது.

செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது

1. 'சர்க்கரையை அளக்கும்' என்று சொல்லும் செயலி என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 'பதிவு செய்யலாம்' என்று சொல்வது வேறு.

2. யார் வெளியிட்டது என்று பார்க்கவேண்டும். அரசு நிறுவனம், மருத்துவக் கல்லூரி, தெரிந்த மருத்துவமனை என்றால் பொறுப்புக் கேட்க ஓர் இடம் இருக்கும். பெயரும் முகவரியும் இல்லாத செயலி வேண்டாம்.

3. மருந்தைக் கூட்டு, குறை, நிறுத்து என்று சொல்லும் செயலியை நீக்கிவிட வேண்டும். அது மருத்துவரின் வேலை.

4. மருந்துப் பொடியோ லேகியமோ விற்பதற்காகவே பாடம் நடத்தும் செயலியும் வேண்டாம்.

5. போனில் உள்ள தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி, போட்டோக்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்கக் கூடாது. சாப்பாட்டுக் கணக்குக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணுக்கும் என்ன தொடர்பு?

6. 'ஏழு நாள் இலவசம்' என்று சொல்லி யுபிஐ வழியாகத் தானாகப் பணம் எடுக்க அனுமதி கேட்பவை உண்டு. தெரியாமல் பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் சொல்லலாம்.

7. வீட்டில் யார் பார்க்கப்போகிறார்களோ அவர்களுக்குப் படிக்க வரும் மொழியில் இருக்கவேண்டும். கண் மங்கலானவருக்கு எழுத்தைவிடக் குரலில் சொல்லும் பாடம் நல்லது.

8. மாதம் ஒருமுறை அதில் பதிந்ததை மருத்துவரிடம் காட்டவேண்டும். காட்டாத கணக்கு, கூட்டாத கணக்கு.

கேள்வி: வீட்டில் பட்டன் போன்தான் இருக்கிறது. அண்ணனுக்குச் சர்க்கரை நோய். தம்பிக்கு வயது 38, இன்னும் வரவில்லை, ஆனால் எல்லையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்மார்ட்போன் வாங்கியே ஆகவேண்டுமா?
- வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: வேண்டியதில்லை. பட்டன் போனை வைத்தே நல்ல பலன் கிடைத்ததற்கு நம் ஊர்ப் பக்கமே சாட்சி இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, தென்னிந்தியாவில் வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. எல்லோரும் 35 முதல் 55 வயதுக்குள் இருந்தவர்கள். சர்க்கரை நோய் வரவில்லை, ஆனால் வாசற்படியில் நின்றவர்கள். இந்தத் தம்பியைப் போல.

இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, எப்படிச் சாப்பிடவேண்டும், எப்படி நடக்கவேண்டும் என்று ஆரம்பத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மற்ற பிரிவுக்கு அதையும் சொல்லி, அடிக்கடி செல்போனில் குறுஞ்செய்தியும் அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, குறுஞ்செய்தி வராத பிரிவில் 100-க்கு 27 பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. குறுஞ்செய்தி வந்த பிரிவில் 100-க்கு 18 பேர். 2013-இல் உலகப் புகழ்பெற்ற லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் இது வெளியானது.

குறுஞ்செய்தியில் மந்திரம் எதுவும் இல்லை. தெரிந்த விஷயத்தை, மறந்துபோகும் முன்னால் மறுபடி ஞாபகப்படுத்தியதுதான். அந்த வேலையை வீட்டில் இருப்பவர்களே செய்யலாம். வெளியூரில் படிக்கும் பிள்ளை, வாரம் மூன்று நாள் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ ஒரு வரி அனுப்பினால் போதும். 'இன்று கால் பார்த்தீர்களா?', 'ராத்திரி சோறு ஒரு கரண்டி குறைத்தாச்சா?', 'வெள்ளிக்கிழமை பரிசோதனை, ஞாபகம் இருக்கட்டும்.' பட்டன் போனில் அலாரமும் இருக்கிறது. காலை, இரவு மாத்திரைக்கு இரண்டு அலாரம் வைத்துக்கொள்ளலாம். எண்களைப் பதிவதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

வயலில் வேலை பார்க்கிறேன், தனியாக எதற்கு நடக்கவேண்டும் என்று தம்பி கேட்கலாம். நடவு, அறுப்பு, களை என்று உடம்பு வளையும் நாளில் அது நியாயம்தான். ஆனால் உழவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போய்விட்ட ஊர்களில், வருடத்தில் பல மாதம் உட்கார்ந்தே போகிறது. வயலுக்குப் போவதும் பைக்கில்தான். அந்த மாதங்களில் தினமும் அரைமணி நேரம் வேகமாக நடப்பது தம்பிக்கு மருந்து மாதிரி.

அண்ணனுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதி மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள். பதிவு செய்யாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ கேட்கலாம். மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது என்பதற்காக வருடாந்தரப் பரிசோதனைகளை விட்டுவிடக் கூடாது. கண், சிறுநீரகம், பாதம் மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறையாவது மருத்துவர் பார்க்கவேண்டும்.

கேள்வி: 'மூன்று மாதத்தில் சர்க்கரை நோயை வேரோடு ஒழிக்கலாம்' என்று ஒரு செயலியில் விளம்பரம் வருகிறது. ஒரு கோர்ஸ் 6,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: வாங்க வேண்டாம். இப்படி விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் தொடர்பாக 1954-இல் வந்த மத்தியச் சட்டத்தில், எந்தெந்த நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் நீரிழிவும் இருக்கிறது. சட்டம் வந்தபோது செல்போன் கிடையாது. ஆனால் துண்டு நோட்டீசுக்குப் பொருந்தியது போனில் வருவதற்கும் பொருந்தும்.

எடையை நன்றாகக் குறைத்து, சாப்பாட்டை மாற்றி, மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரை இல்லாமலே சிலர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பது உண்மை. நோய் வந்து அதிக வருடம் ஆகாதவர்களுக்கு அதற்கு வாய்ப்பு அதிகம். அவர்களும் வருடந்தோறும் பரிசோதிக்கத்தான் வேண்டும். பழைய பழக்கம் திரும்பினால் நோயும் திரும்பும். களையை அறுத்தால் வயல் சுத்தமாகத் தெரியும், வேர் மண்ணுக்குள்தான் இருக்கும்.

அந்த 6,000 ரூபாய் கையில் இருந்தால் வேறு வழியில் செலவழிக்கலாம். ஒரு குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும், வயலுக்கும் தோட்டத்துக்கும் போட்டுப் போக விரலை மூடிய நல்ல செருப்பு ஒரு ஜோடி, வருடத்துக்கு இரண்டு எச்பிஏ1சி பரிசோதனை. எல்லாம் வாங்கியும் மிச்சம் இருக்கும்.

அடுத்த இதழ் வருவதற்குள்

சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் இந்தப் பதினைந்து நாளில் நான்கு காரியம் செய்யலாம். ஒன்று, போனில் சர்க்கரையை 'அளக்கும்' செயலி இருந்தால் நீக்குவது. மாத்திரையை நாமாகக் குறைத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது. இரண்டு, மாத்திரை அட்டையையும் கடைசிப் பரிசோதனைச் சீட்டையும் போட்டோ எடுத்து வைப்பது. மூன்று, கடைசியாக எச்பிஏ1சி எடுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று பார்ப்பது. ஆறு மாதம் தாண்டியிருந்தால் எடுத்துவிடுவது. நான்கு, தினமும் ராத்திரி கால் கழுவித் துடைத்தபின் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்ப்பது. குனிய முடியாதவருக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும், அல்லது தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். இந்த வேலைக்குப் போன் கேமராவும் உதவும். பாதத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சின்னக் கீறலும் தெரியும். புண்ணோ, நிற மாற்றமோ, கொப்புளமோ தெரிந்தால் மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டு நாள் கடத்தாமல், மறுநாள் காலையிலேயே சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.